அத்தானின் வண்டிக்கு அக்காவின் காது

எங்கள் அத்தானைப் பற்றி யாராவது ‘பாவம், காது கேக்காத மனுஷன்’ என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாவது புண்ணாக்காவது! அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காது நன்றாக இருந்த காலத்திலேயே யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொண்டவர் இல்லை.

பெரிய கம்பெனி ஒன்றில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக என்ஜின் சத்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து காது மந்தமானது. மிச்சமிருந்ததை ஒரு காய்ச்சல் வந்து வழித்துக்கொண்டு போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் கையைக் குலுக்கி, தோளைத் தட்டி, வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அதன்பிறகு மனிதர் எந்நேரமும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தது பழைய பிக்கப் வண்டி.

அது அவருடைய முதல் வண்டி. கல்யாணமான புதிதில் வாங்கி, வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு அலைந்தார். கம்பெனி வேலை கிடைத்ததும் அதைக் கொல்லையில் நிறுத்தினார். நிறுத்தியதுதான். கதவின் கீழ்ப்பக்கம் துருப்பிடித்து அப்பளமாக உதிர்ந்தது. டிரைவர் கால் வைக்கிற தகடு ஓட்டையாகி, அதன் வழியே புல் முளைத்துப் பெடல் வரைக்கும் வந்துவிட்டது. பின்தொட்டியில் எங்கிருந்தோ வந்த பூனை ஒன்று ஈடு ஈடாகக் குட்டி போட்டு வளர்த்தது. விற்றுத் தொலையுங்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை.

ஒருநாள் காலை அக்காவிடம் சொன்னார்: “இதை ஓட வெச்சுடலாம்னு பாக்குறேன்.”

அக்கா தையல்காரி. முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருவில் பாதிப் பேருக்குத் தைத்துக் கொடுத்தவள். வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். அவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்.

“ஓட வெச்சு? பின்னாடி எவனாவது ஹாரன் அடிச்சா உங்களுக்குக் கேக்குமா?”

“நீ பக்கத்துல உக்காரு. கேட்டா சொல்லு.”

அக்கா சிரித்தாள். “இத்தனை வருஷமா ஊர் சரக்கைத்தான் ஏத்திட்டுப் போனீங்க. என்னை ஏத்திட்டுப் போங்க, பாக்கலாம். எந்த ஊரா இருந்தாலும் சரி.”

அவ்வளவுதான், மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். வண்டி ஓட வேண்டும், அக்கா பக்கத்தில் உட்கார வேண்டும். வேறு எந்தப் பேச்சும் அந்த வீட்டில் எடுபடவில்லை.

நான் சலவைக்கடையில் வேலை செய்கிறேன். லீவு நாளில் அக்கா வீட்டுக்குப் போனால் ஒரு வாய் டீ குடிக்க முடியாது. கப்பில் துருத்தூள் மிதக்கும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பார், உப்புத்தாளால் தேய்ப்பார், உளுத்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பார். அதன்மேல் பட்டி பூசி, காயவிட்டு, மறுபடி தேய்ப்பார். பழைய சிநேகிதர் ஒருவர், ‘நட்டு’ என்று கூப்பிடுவோம், காயலான்கடையில் தேடித்தேடிச் சாமான் கொண்டுவந்து போடுவார். எந்தச் சாமானைப் பற்றிக் கேட்டாலும் ‘சூப்பர் பீஸ்’ என்பார். அவர் கொண்டுவந்த சூப்பர் ரேடியேட்டர் அன்றைக்கே ஒழுகிற்று.

தகடு வேலை அத்தானுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணும் கையும் போதும். என்ஜின் அப்படியா? சத்தத்தை வைத்துத்தான் அதன் வியாதியைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல்முறை அது கிளம்பியபோது அத்தான் பானெட்டின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். அதிர்வது தெரிகிறது, என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. முகம் செத்துப்போய்விட்டது. நட்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ‘சூப்பர்’ என்றார். அவர் பேச்சை யார் நம்புவது?

அக்காதான் தையலை விட்டு எழுந்து போனாள். அவளுக்கு என்ஜினில் எது தலை எது வால் என்று தெரியாது. ஆனால் காது இருந்தது, மெஷினோடு மல்லுக்கட்டிய காது.

“கத்தரிக்கோல்ல திருகு லூசானா வெட்டும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் வருமே, அது மாதிரி மேல கேக்குதுங்க.”

அத்தான் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு என்ஜின் மேலிருந்த டேப்பட் மூடியைக் கழற்றி வால்வு இடைவெளியைச் சரிசெய்தார்.

“இப்போ?”

“அது போயிடுச்சு. முன்பக்கம் ஊசி தகட்டுல இடிக்கிற மாதிரி இருக்கு.”

ரேடியேட்டர் விசிறி கூண்டில் உரசிக்கொண்டிருந்தது. இன்னொரு நாள், “தடிமனான துணியை ரெண்டா மடிச்சுக் கொடுத்தா மெஷின் திணறுமே, அப்படித் திணறுது” என்றாள். டீசல் வரும் குழாயில் அடைப்பு. நட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நான் மட்டும் என்ன, நானும்தான் பார்த்தேன். வாழ்க்கை முழுக்க ஆளுக்கொரு திசையில் வேலை செய்த புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் கொல்லையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. என்ஜின் சத்தம் மட்டும் இல்லை, எல்லாச் சத்தத்தையும் அக்கா அவருக்குச் சொன்னாள். ‘கேட்டைத் திறக்குறாங்க.’ ‘பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவுது, பல்லு முளைக்குது போல.’ ‘மழை தூறுது, தகரத்து மேல விழுது.’ சோற்றுத்தட்டை வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து இந்தச் செய்தி வாசிப்பு நடக்கும். “உங்க அக்கா இருக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் குறையில்ல, சின்னவளே. ஒரு சத்தம் விடாம சொல்லிடுவா” என்று அத்தான் என்னிடம் பெருமையடித்துக்கொள்வார். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அந்தப் பேச்சு அந்த வீட்டுக்கு எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்லி முடியாது.

ஆனால் அக்கா இருமினாள். தெருவுக்கே கேட்டது அந்த இருமல். தைத்துக்கொண்டே இருப்பாள், நடுவில் அடைத்துக்கொள்ளும், மெஷினை நிறுத்தி இருமிவிட்டு மறுபடி மிதிப்பாள். வண்டிப் பக்கத்தில் நிற்கும்போதும் இருமல் வரும். தோளில் கிடக்கும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். இருமி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, ‘இப்போ நல்லா ஓடுதுங்க’ என்பாள்.

“டாக்டர்கிட்ட போயேன்க்கா” என்று எத்தனை முறை சொன்னேன்.

“துணித்தூசிடி. வண்டி முடியட்டும், போவோம்.”

எனக்கு அத்தான்மேல்தான் ஆத்திரம். பெண்டாட்டி இப்படி இருமுகிறாள், இந்த மனிதருக்குத் துருதான் பெரிதாகப் போய்விட்டதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

அக்கா மெலிந்தாள். கண்ணுக்குத் தெரிந்ததும் அத்தான் துடித்துப்போய்விட்டார். தையல் மெஷினை மூடி மூலையில் தள்ளியவர் அவர்தான். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “முன்னாடியே வந்திருக்கணும்” என்றார். அத்தான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. கடைசி நாட்களில் பேசத் தெம்பில்லாதபோதும் உதட்டை மட்டும் அசைத்து அவரிடம் சொன்னாள்: “வண்டியை அப்படியே விட்டுடாதீங்க.”

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அத்தான் ஒரே பாட்டுத்தான் பாடினார். “திடீர்னு வந்துடுச்சுங்க. நல்லாத்தான் இருந்தா. வண்டிகிட்ட நின்னு சிரிச்சுப் பேசிட்டு இருந்தா. திடீர்னு மெலிஞ்சா, போயிட்டா.”

திடீரென்றா? ஊரே கேட்ட இருமல்! தன்மேல் பழி வராமலிருக்க எப்படிப் பூசி மெழுகுகிறார் பார் என்று நினைத்தேன். துக்க வீட்டில் வாயைத் திறக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன். அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதையும் குறைத்துக்கொண்டேன்.

அத்தான் வண்டியை விடவில்லை. பெயிண்ட் அடித்தார். அக்காவுக்குப் பிடித்த மயில்நீலம். சீட்டுக்குப் புது உறை போட்டார், தையல் கோணல்மாணலாக இருந்தது. அவரே தைத்திருக்கிறார். ஒரு மதியம் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது என் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

“எல்லாம் முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சரியில்ல. கையில என்னவோ தட்டுது, என்னன்னு பிடிபடல. உங்க அக்கா நின்ன இடத்துல நின்னு கேட்டுச் சொல்லு. இது சரியாயிட்டா அவ சொன்னதைச் செஞ்சு முடிச்சவன் ஆயிடுவேன்.”

வண்டியைக் கிளப்பினார். நான் நின்றேன்.

“எப்படி இருக்கு?”

“கடகடன்னு இருக்கு அத்தான்.”

“எந்த வண்டிதான் கடகடன்னு இல்ல? சரியாச் சொல்லு.”

“எனக்கு என்ன தெரியும்? டுர்ருங்குது. கடகடங்குது.”

“உங்க அக்கா என்ன மெக்கானிக்கா? அவ சொல்லலையா? காது இருக்குல்ல, கேட்டுச் சொல்லேன்! எனக்கு வேற யாரு இருக்கா?”

கெஞ்சலும் கோபமுமாக அவர் கத்தியதில் எனக்கும் மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்துகொண்டது. அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

“அக்கா இருமின மாதிரி இருக்கு. போதுமா? நல்லா ஓடிட்டே இருக்கு, நடுவுல அடைக்குது, ஒரு தடவை இருமுது, மறுபடி ஓடுது. மெஷின்ல உக்காந்து தைக்கும்போது இருமுவாளே, அதே மாதிரி.”

அத்தான் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தைக்கும்போதா?” என்றார். “அவ மெலிஞ்சதும் மெஷினை நான்தானே மூடி வெச்சேன். அதுக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தா.”

இவருக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. பேச்சையெல்லாம் உதட்டில் பார்த்து அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்ததில், அவருக்குக் காது கேட்காது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பியது மரியாதைக்காக என்று நினைத்தேனே, அது இவர் கண்ணில் படாமலிருக்க. உலகத்துச் சத்தத்தையெல்லாம் இவருக்குச் சொன்ன பாவி, தன் சத்தத்தை மட்டும் சொல்லாமலே போயிருக்கிறாள்.

“இல்ல அத்தான், நான் என்னவோ உளறிட்டேன்.”

“பொய் சொல்லாத. உன் உதடு நடுங்குது. எப்போலேருந்து?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இங்க, வண்டிகிட்ட நிக்கும்போதுமா?”

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

அவர் பானெட்டைப் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். விழவில்லை. என்ஜினை அணைக்கப் போனேன், தடுத்தார்.

“அது இருமும்போதெல்லாம் கையைத் தூக்கு” என்றார்.

“வேணாம் அத்தான். வாங்க, சாப்பிடலாம்.”

“தூக்கு சின்னவளே. நான் பாக்கணும்.”

கையைத் தூக்கினேன். இறக்கினேன். கொஞ்சம் ஓடியது, அடைத்தது, தூக்கினேன். அத்தான் கண்ணிமைக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. நான் மறுபடி தூக்கினேன், மறுபடி இறக்கினேன். தோள் வலித்தது.

“இவ்வளவு தடவையா?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் வண்டி மறுபடி இருமியது. கையைத் தூக்கினேன்.