ரியூப் நாடாவில் ஏறிய மலை

யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு லொறிகளுக்கு, பொடி என்று சொல்லும் பின்பெட்டியை மரத்தில் அடித்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது கையில் ஒரு அளவுநாடாகூட இல்லை. ஆனாலும் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், இரண்டு அறை வீட்டுக்குள் ஏழு பேர் படுக்க மடிக்கிற கட்டில்கள் செய்தேன். ஸ்காபரோவில் குசினி அலுமாரி செய்யும் தொழிற்சாலையில், இங்கிலீசில் எழுதிய ஒரு வரியும் வாசிக்கத் தெரியாமல், படத்தை மட்டும் பார்த்து வெட்டி, முதல் மாதம் ஒரு பலகையும் வீணாக்கவில்லை. எங்கள் ஆட்களின் கடைகளில் நான் அடித்த தட்டுகள் அரிசி மூட்டை ஏற்றியும் இன்றுவரை வளையவில்லை. இதெல்லாவற்றுக்கும் மேலே, பாண் ஏற்றி ஓடிய பழைய வான் ஒன்றை, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில், இரண்டு பேர் குடியிருக்கும் வீடாக்கினேன்.

வான் என் பக்கத்து மேசையில் வேலை செய்த பிரெஞ்சுக்காரருடையது. கியூபெக்கில் பிறந்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேருடைய இங்கிலீசும் நொண்டி. ஆனால் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு எப்படியோ நடந்தது. அவர் சொன்னவற்றை இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவருடைய முழங்கால் தேய்ந்துவிட்டது. வசந்தத்தில் வெட்டி இரும்பு வைக்க வேண்டும், அதன்பிறகு மலை ஏறுவதை மறந்துவிடு என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன், பிறந்த ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையில் ஒருதரம் ஏறி, ஸ்கீ என்கிற பனிச்சறுக்குக் கட்டையில் இறங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த மலையில் ஆளைத் தூக்கிப் போகும் கம்பிக்கதிரை இல்லை. ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டு சொந்தக் காலால்தான் ஏற வேண்டும். தொழிற்சாலையில் ஆறு கிழமை வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன்.

"இஞ்சாருங்கோ, ஆக்கள் வெயில் தேடிப் போற நேரத்தில நீங்கள் பனிக்குள்ள குடியிருக்கப் போறியளோ?" என்றார் மனைவி.

"வீட்டில இருந்து என்னத்தைச் செய்யிறது?"

"ஊருக்கெல்லாம் தட்டு அடிக்கிறியள். என்ரை குசினிக்கு ஒண்டு அடிக்கலாம்."

அது நியாயம்தான். ஆனால் வான் காத்துக்கொண்டிருந்தது.

சுவருக்குள் பஞ்சு அடைத்தேன். எதிரெதிராக இரண்டு கட்டில், நடுவில் ஒரு சின்ன அடுப்பு, கூரையில் புகை போக ஒரு ஓட்டை. பொருட்களை ஏற்றும்போது அவருடைய பையில் இரண்டு நீளப் பட்டிகளைக் கண்டேன். ஒரு பக்கம் மயிர். மறுபக்கம் ஒரே பிசுபிசுப்பு, அதில் நாய் மயிரும் பைன் இலையும் ஒட்டிக் கிடந்தன. ஐயோ, நல்ல மனிதர், சாமானை இப்படி ஊத்தையாக வைத்திருக்கிறாரே என்று மனம் கேட்கவில்லை. பெயின்ற் கரைக்கும் தின்னர் ஊற்றி, சுரண்டி, பளபளப்பாகக் கழுவினேன். இனி ஒட்டாமல் இருக்கட்டும் என்று பேபி பவுடரும் பூசிச் சுருட்டி வைத்தேன்.

இரண்டு நாள் ஓட்டம். அவர் ஓட்டும்போது நான் படுப்பேன், நான் ஓட்டும்போது அவர் பாடுவார். வழியில் நிறுத்தி நான் புட்டு அவிக்க, ஆவி கண்ணாடியில் ஏறி உறைந்து வெள்ளைப் பூவாகிவிடும். அவர் அதை வங்கி அட்டையால் சுரண்டிக்கொண்டே, "உன்ரை சாப்பாட்டுக்குள்ளால றோட்டைப் பார்க்க வேண்டிக் கிடக்கு" என்பார். மலையடியில் ஒரு நாள் முழுதும் பனி கொட்டியது. கட்டிலில் கிடந்து தேத்தண்ணீர் குடித்தோம். அப்படி ஒரு அமைதியான நாள் எனக்கு வாழ்க்கையில் அதிகம் கிடைத்ததில்லை.

மறுநாள் காலை வானம் வெளித்தது. அவர் பையைத் திறந்தார்.

"இதென்ன வாசம்?"

"பேபி பவுடர், அண்ணை. ஊத்தையாக் கிடந்தது, கழுவி வைச்சனான்."

அவர் பட்டியைத் தடவிப் பார்த்தார். ஏசவில்லை. வான் படியில் இருந்துகொண்டு மெதுவாக விளக்கினார். அந்தப் பட்டியை ஸ்கீயின் அடியில் ஒட்ட வேண்டும். மயிர் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் ஏறும்போது ஸ்கீ பின்னுக்கு வழுக்காது. நான் சுரண்டி எடுத்தது ஊத்தை அல்ல, ஒட்டுகிற பிசின். விற்கும் கடைக்குப் போய் வர இரண்டு நாள். காலநிலையோ அன்றைக்கு மட்டும்தான் நன்றாக இருக்கும் என்று ரேடியோ சொல்லியிருந்தது.

"பரவாயில்லை, தம்பி. மலையைக் கண்டிட்டன், போதும்" என்றார். அந்தப் 'போதும்' எனக்கு நெஞ்சில் ஏறியது.

கூரையில் சாமான்களைக் கட்டியிருந்தது லொறி ரியூப்பை வெட்டிய நாடாக்களால். அந்தக் கறுப்பு றப்பரைப் பார்த்து ரொறன்ரோவில் அவர் சிரித்தவர். அவிழ்த்தேன். குளிரில் விறைத்திருந்த நாடாக்களை அடுப்பில் வாட்டி இளக்கி, பட்டியை ஸ்கீயோடு சேர்த்துக் கட்டினேன். ஸ்கீயின் இரும்பு விளிம்பு கத்திபோல, முதலில் போட்ட நாடாவை அறுத்துவிட்டது. உடனே இரண்டு மீன் ரின்னை உடைத்தேன். மீனை இரண்டு பேரும் காலைச் சாப்பாடாக முடித்தோம். தகரத்தை வெட்டி, விளிம்பில் மடித்து, அதன்மேல் ஒவ்வொரு ஸ்கீக்கும் ஆறு கட்டுப் போட்டேன். அவர் நாலடி ஏறிப் பார்த்தார். வழுக்கவில்லை.

"பிடிக்குதடா!" என்றார். அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல்தரம். அந்தச் சொல்லை அவருக்குப் பழக்கியவனும் நான்தான்.

பனிச்சப்பாத்துடன் நான் பாதி மலைவரை பின்னால் போனேன். அங்கே மரங்கள் முடிந்தன. அவர் வெள்ளையில் ஒரு புள்ளியாகி உச்சியில் நின்றார். பிறகு கட்டுகளை அவிழ்த்து, பட்டிகளைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு இறங்கினார். வளைந்து வளைந்து, ஒரு சத்தமும் இல்லாமல், முழங்கால் தேய்ந்த மனிதர்! என்னைத் தாண்டும்போது ஒரு கையைத் தூக்கினார். மலையடியில் அவர் அழுதாரா, காற்றில் கண் கலங்கியதா, நான் கேட்கவில்லை.

இப்போது அவர் இல்லை. அவருடைய மகள் அவர் எடுத்த படங்களைச் சேர்த்துப் புத்தகமாக்குகிறார். விட்பி நகரிலிருந்து வந்து எனக்கு அதைக் காட்டினார். உச்சியில் கட்டு அவிழ்க்கும் முன் அவர் எடுத்த ஸ்கீப் படத்தின் கீழே, 'நண்பர் பிசினைக் கழுவிவிட்டார், ஆனாலும் அப்பா ஏறினார்' என்று அச்சாகப் போகிறதாம். என் மகன் வாசித்துச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிள்ளை மனம் நோகக்கூடாது என்று.

கழுவியவன் நான். ஒப்புக்கொள்கிறேன், அச்சடிக்கட்டும். ஆனால் அந்தப் படத்தில் ஸ்கீயைச் சுற்றிப் பன்னிரண்டு கறுப்புக் கட்டுகள் தெரிகின்றனவே, அவை தாமாக வந்து சுற்றிக்கொள்ளவில்லை. இதையெல்லாம் இங்கிலீசில் அந்தப் பிள்ளைக்கு எழுதி அனுப்பச் சொல்லி என் மகனிடம் கொடுத்திருக்கிறேன். 'ஆனாலும்' என்ற சொல்லை வெட்டிவிட்டு, நாடாவைக் கட்டி ஏற்றியவனும் அதே நண்பர்தான் என்று, முழுப்பெயரோடு, என் தகப்பன் பெயரையும் சேர்த்து, அச்சில் போட வேண்டும்.