பால் கேனுக்கு எதிரே

பரமத்தி வேலூர்ப் பக்கம், காவிரி நடுவே ஒரு தீவில், விடுமுறைக்கு வாடகை வீடு எடுத்திருக்கிறேன். இங்கே முதலில் பார்க்க வேண்டியது சூரிய உதயம் என்று வீட்டு ஓனர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதற்காகத்தான் விடியலில் துறைக்கு வந்து நிற்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். நேற்று நான் உட்கார்ந்த படிக்கட்டு இன்று தண்ணீருக்குள் இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து சரசக்கா பரிசலில் பால் கேனை ஏற்றுகிறார். காலையும் மாலையும் அக்கரை சொசைட்டிக்குப் போகிற பால். தினமும் கூடப் போகும் மருமகள் ஊரில் இல்லை.

"ஏனுங்க, சும்மாதான நிக்கறீங்க? வந்து கேனுக்கு எதிர்ல உக்காருங்க. இல்லீன்னா பரிசல் சாயும்."

"தண்ணி ஏறுதேக்கா. இன்னிக்கு ஒரு நாள் விட்டா என்ன?"

"ஆத்துல தண்ணி ஏறுதுன்னு மாடு மடியக் கட்டிக்குமுங்களா?"

உட்காருகிறேன். அக்கரைத் துறை நேர் எதிரே இருக்க, அக்கா பரிசலைக் கரையோரமாகவே எதிரோட்டத்தில் வெகுதூரம் இழுத்துப் போகிறார். பிறகுதான் ஏறித் துடுப்பை எடுக்கிறார். ஆறு எங்களைக் கீழே இழுக்க இழுக்க, அவர் குறுக்கே துடுப்பு வலிக்கிறார். பரிசல் சுற்றும்போதெல்லாம் நான் கேன் மூடியை அமுக்கிப் பிடிக்கிறேன். அக்கரைத் துறையில் சரியாகப் போய் முட்டுகிறோம். பால் சிந்தவில்லை. சூரியன் எப்போது வந்தது என்று தெரியாது.

வீட்டு ஓனர் போனில் வருகிறார். சாயங்காலம் தீவைச் சுற்றிக்காட்ட ஆள் அனுப்பட்டுமா என்கிறார்.

"சாயங்காலம் முடியாதுங்க. பால் கொண்டு போகணும்."