மிளகு போட்ட கற்பூரம்

எங்கள் கடை கோயில் வாசலில் இருந்தது. கல்யாணப் பட்டு எடுத்தவர்கள் புடவையை அம்மன் காலடியில் வைத்து வாங்க வரும்போது தேங்காயும் கற்பூரமும் எங்களிடம்தான் வாங்குவார்கள். மதியத்தில் கடையைப் பார்த்துக்கொண்டது அத்தை, அப்பாவின் தங்கை. முசரவாக்கத்தில் குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டு வந்திருந்தாள். எங்கள் வீட்டை விட்டால் அவளுக்குத் திரும்பவும் அந்த வீடுதான்.

நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், ஆடி மாதத்துக்கென்று வாங்கி வைத்த கற்பூரம் டப்பாவில் பாதியாகக் குறைந்திருந்தது. தகரக் கூரை, கொளுத்துகிற வெயில். அம்மா அதையெல்லாம் யோசிக்கவில்லை.

“மிளகு போட்டுத்தானே வெச்சிருக்குது, எப்படிப் பறக்கும்? யாரோ கை வெச்சாத்தான் குறையும்,” என்றாள்.

ஊரே அப்படித்தான் நம்பியது. நாலு மிளகு உள்ளே காவலிருந்தால் கற்பூரம் நகராது, நகர்ந்தால் திருட்டு. தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்த அத்தை, “நான் எடுக்கல அண்ணி,” என்றாள். அப்பா காதில் விழாதவர் போல செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரம்தான் வேதியியல் மிஸ் போர்டில் நிலைமை வரைபடம் போட்டிருந்தார். கீழே வெப்பநிலை, பக்கத்தில் அழுத்தம், நடுவில் மூன்று கோடுகள். கோடுகள் சந்திக்கும் புள்ளியில் திடம், திரவம், வாயு மூன்றும் கூடியிருக்கும். அதற்குக் கீழே திரவம் என்ற பேச்சே இல்லை. திடம் நேராக ஆவியாகும். நான் எழுந்து கற்பூரத்தைப் பற்றிக் கேட்டேன்.

“மூடி இறுக்கமா இருந்தா ஆவி உள்ளயே நின்னுடும். லூசா இருந்தா போய்க்கினே இருக்கும்,” என்றார் மிஸ்.

“மிளகு போட்டா, மிஸ்?”

“மிளகு ரசத்துக்குப் போடு மா.” வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கமாக இல்லை. அத்தை பிழைத்தாள் என்று சந்தோஷமாக இருந்தது.

இரண்டு தட்டில் கற்பூரம் வைத்தேன், ஒன்றில் மட்டும் மிளகு. சில நாளில் இரண்டுமே இளைத்துவிட்டன. எல்லோரையும் உட்கார வைத்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று கோடும் போட்டு, மிஸ் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தேன். பெரிய வக்கீல் என்று நினைப்பு. “ஆமா, ரெண்டுமே குறைஞ்சிதான் இருக்குது,” என்றார் அப்பா. அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மா தட்டிலிருந்த மிளகை விரலால் உருட்டினாள்.

“சரி மா. மூடி லூசா இருந்தாத்தான் போவும்னு நீயே சொல்ற. மதியத்துல டப்பா யார் கையில இருக்குது?”

அத்தையின் சிரிப்பு போய்விட்டது. நான் வரைபடத்தைப் பார்த்தேன். அதில் இதற்குப் பதில் இல்லை. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அத்தையிடம், “கொஞ்ச நாள் அங்க போய் இருந்துட்டு வா மா,” என்றார். மறுநாள் அவரே அவளை முசரவாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

டப்பாவின் விளிம்பு நசுங்கியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். யார் மூடினாலும் அது இறுகாது. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று சாயங்காலமே புது டப்பா வாங்கி வந்துவிட்டார்.

டப்பா வந்துவிட்டது, இனி அத்தையும் வந்துவிடுவாள் என்று அவளுடைய பாயை உதறி வெயிலில் போட்டேன். என் வீட்டில் எல்லோருக்கும் கற்பூரம்தான் பிரச்சினை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.