கல்யாணம் என்று எழுதிய ராஜினாமாக்கள்

ஆண்கள் வார்டுக்கு நான் தலைமை நர்ஸ். ஆண்பிள்ளையை நர்ஸ் என்று சொன்னால் அந்தக் காலத்தில் ஊரே சிரிக்கும். அதனால் நான் முந்திக்கொண்டு ஊரைப் பார்த்துச் சிரித்துவிடுவேன். அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில், பேகம்பூரிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. என் கீழே ஆறு பெண்கள்.

எங்கள் வார்டில் ஒரு சிலேட் இருந்தது. அந்த ஏற்பாடு என்னுடையது. காலை ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, முந்தின நாள் யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று அதில் எழுதி, நோயாளிகள் எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசிப்பேன். தப்புச் செய்த பெண் அந்த நோயாளியின் கட்டில் காலடியில் போய் நின்று, "தப்பு என்னுது" என்று சொல்ல வேண்டும். காதில் விழவில்லை என்றால் மறுபடியும் சொல்ல வேண்டும். எங்கள் நோயாளிகளுக்கு முதல் தடவை காதில் விழுந்ததே கிடையாது. இட்லி வருவதற்கு முன்னால் அவர்களுக்கு அதுதான் நாடகம். நானும் சும்மா வாசிக்க மாட்டேன். அந்தப் பெண் தெர்மாமீட்டரைக் கீழே போட்டதும் எப்படி விழித்தாள், எப்படி ஓடினாள் என்று நடித்துக் காட்டுவேன். வயிற்றில் தையல் போட்டவர்கள்கூடத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் அழுதால் அதையும் நடிப்பேன்.

ஒரே வருஷத்தில் நாலு பெண்கள் வேலையை விட்டுப் போனார்கள்.

நர்ஸ்களுக்கெல்லாம் மேலே இருந்த மேட்ரன் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் உட்காரச் சொல்லாதபோதே விஷயம் புரிந்துவிட்டது. "நாலு பேர் போயாச்சு. அஞ்சாவதா ஒருத்தி போனா, உங்க நாற்காலியை வேற ஆளுக்குப் போட்டுருவேன். நீங்க பழையபடி பெட்பான் தூக்கலாம்."

அந்த நிலையிலும் ஒரு சந்தேகம் கேட்டேன் பாருங்கள். "யாராச்சும் கல்யாணம் ஆகிப் போனாக்கா?"

"அது ஆண்டவர் சித்தம். அதை உங்க தலையில போட மாட்டேன்."

ஆண்டவர் எனக்காக ஒரு சந்து விட்டு வைத்திருந்தார். நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

மேட்ரன் அம்மா அதோடு விடவில்லை. வார்டுத் தலைவர்களுக்கு ஆறு வாரப் பயிற்சி என்று மதுரைக்கு என்னை அனுப்பினார். வகுப்பு முழுக்கப் பெண்கள். கடைசி பெஞ்சில் நான் ஒருவன். சொல்லிக்கொடுத்த அம்மையார் தலை நரைத்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் நினைவிருக்கிறது. தலைவராக இருப்பவர் தினமும் தன் கையால் நோயாளிக்கு ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். தப்புகளைப் பற்றிப் பேசும்போது முதலில் தன் தப்பைச் சொல்ல வேண்டும். தலைவரே சொல்லிவிட்டால் மற்றவர்கள் ஒளிக்க மாட்டார்கள், ஒளிக்காத தப்பை உடனே சரிசெய்யலாம், நோயாளி பிழைப்பான், நர்ஸும் வேலையில் தங்குவாள் என்றார். நான் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

திரும்பி வந்ததும் சிலேட்டின் முதல் வரி என்னுடையது ஆயிற்று. "தலைமை நர்ஸ்: வார்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்தது." நானே கடிகாரத்தின் அடியில் போய் நின்று, தலையைத் தொங்கப் போட்டு, "தப்பு என்னுது" என்பேன். வார்டே கைதட்டும். பிறகு இரண்டாவது வரியிலிருந்து வழக்கம்போல. கடிகாரம் பாவம், ஒரு நாள்கூட நின்றதில்லை. தினமும் ராத்திரி வீட்டுக்குப் போகுமுன் நானே சாவி கொடுத்துவிடுவேன்.

அந்த ஆறு பெண்களில் ஒருத்திக்கு ஊர் தொப்பம்பட்டிப் பக்கம். ஒன்றரை வருஷமாக எங்களிடம் இருந்தாள். அவள் பார்த்த நோயாளி யாருக்கும் முதுகில் படுக்கைப் புண் வந்ததில்லை. சிலேட்டில் அவள் பெயர் வந்ததும் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது.

ஆறாம் கட்டிலில் பேகம்பூர் பாய் ஒருவர். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர், காலில் சீழ் வைத்து வந்திருந்தார். ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஊசி போடும் நேரம். பயிற்சியில் சொன்ன கைவேலை ஞாபகம் வந்து, அவள் அடுத்த கட்டிலுக்காக நிரப்பி வைத்திருந்த பென்சிலினை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன்.

"ஏனுங்க சார், அவருக்கு அது..." என்றாள்.

"செத்த சும்மா இரு. நீ பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்சப்பவே நான் ஊசி போட்டவன்" என்றேன். கட்டில்களில் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு ஊசியைப் போட்டேன். பாயின் கேஸ் ஷீட்டில் மேலேயே சிவப்பு மையில் பென்சிலின் கூடாது என்று எழுதியிருந்தது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

நாலைந்து நிமிஷத்தில் பாய்க்கு மூச்சு இழுத்தது. உதடு நீலமாயிற்று. அவள் டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கி, மாற்று மருந்தை எடுத்து வைத்தாள். தலைமை நர்ஸ் என்ன செய்தார்? துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கை விரிப்புகளை எண்ணினார். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினால் நாற்பத்திரண்டு. இந்த ஆஸ்பத்திரியில் ஒழுங்காக எண்ணக்கூட ஆள் இல்லையே என்று அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. சத்தம் அடங்கியதும், கையில் இரண்டு விரிப்போடு, அதை எடுக்கத்தான் போனவன் போல வெளியே வந்தேன்.

பாய் பிழைத்துக்கொண்டார். டாக்டர் கை கழுவிக்கொண்டே, "யார் போட்டது?" என்றார்.

"விசாரிக்கிறேன் டாக்டர்" என்றேன்.

மறுநாள் காலை சிலேட்டை எழுதினேன். முதல் வரி, கடிகாரம். இரண்டாம் வரி: "ஆறாம் கட்டில்: கேஸ் ஷீட் பார்க்காமல் ஊசி." பெயர் எழுதவில்லை. வாசித்துவிட்டு அவளைப் பார்த்தேன். நான் பார்த்ததால் வார்டே அவளைப் பார்த்தது.

அவள் நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று நினைத்திருப்பாள். நான் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆறாம் கட்டில் காலடியில் போய் நின்று, "தப்பு என்னுதுங்க" என்றாள்.

"காதுல விழலை" என்றது ஒரு கட்டில்.

மறுபடி சொன்னாள். பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு ராஜினாமாவோடு வந்து நின்றாள். காரணம் என்று எழுதிய இடத்தில் ஒரே வரி: "செய்யாத தப்புக்கு நிற்க முடியாது." அஞ்சாவது பெண். என் நாற்காலி அடியிலிருந்து உருண்டு போவதுபோல் இருந்தது எனக்கு.

"ஏம்மா, இதை மாத்தி எழுது. கல்யாணம்னு போடு."

"யாரைங்க சார் கட்டிக்கிறது?"

"யாரையாச்சும். காகிதத்துலதானே." அவள் காகிதத்தை என் பக்கமே தள்ளினாள். என்னிடம் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "ஒன்றரை வருஷம் வேலை பார்த்ததுக்கு சர்டிபிகேட் வேணும்ல? அது என் கையெழுத்துல்ல?"

பேனாவைக் கேட்டு வாங்கினாள். காரணத்தை அடித்துவிட்டுக் கல்யாணம் என்று எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

மேட்ரன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வார்டிலேயே பிரிவு உபசாரம் வைக்கச் சொல்லிவிட்டார். ஒரு மாலை, லட்டு, குங்குமச் சிமிழ். இல்லாத கல்யாணத்துக்கு இருபது கட்டிலும் வாழ்த்தின. ஒருவர், "மாப்பிள்ளைக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"சாரைத்தானுங்க கேக்கோணும். அவருதான் பாத்து வெச்சவரு" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஒட்டன்சத்திரம்" என்றேன். "வாத்தியார். நல்ல உயரம்." நான் நிறுத்தியிருக்கலாம். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "ஒரே பையன். சொந்தக் கிணறு இருக்கு."

ஆறாம் கட்டில் பாய் எழுந்து உட்கார்ந்தார். "ஊசி போடுற ஆளு இல்லைல்ல தம்பி?"

"இல்லை பாய்."

"அப்ப பொண்ணு நல்லா இருக்கும்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. ஊசி ஏறும்போது கண் திறந்துதானே இருந்தது. அவள் மாலையைக் கழற்றி அவர் கட்டிலில் தொங்கவிட்டுவிட்டு, பழனி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நாற்காலி தப்பித்தது. ருசி கண்டுவிட்டதால் அடுத்த இரண்டு வருஷத்தில் இன்னும் நாலு பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். எல்லா மாப்பிள்ளைகளும் வாத்தியார்கள், நல்ல உயரம். "உங்க வார்டுக்குக் கல்யாண ராசி" என்று மேட்ரன் அம்மா சொல்லுவார். நோயாளிகளுக்குத்தான் ராசி இல்லை. வருகிறவள் எல்லாம் புதியவள். யாருக்கும் எந்தக் கட்டிலும் பழகவில்லை. முதுகுப் புண்கள் திரும்பி வந்துவிட்டன.

கல்யாணக் கணக்கில் ஆறாவதாகப் போனவள் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். காரணம் எழுத வேண்டிய இடம் காலி. கை பழக்கத்தில் நானே கல்யாணம் என்று எழுதி மேட்ரன் அம்மாவிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"இவளோட மூணாவது புள்ளைக்குப் போன மாசம்தானே ஞானஸ்நானம். நான்தானே ஞானத்தாய். இப்ப யாரோட கல்யாணம்?"

"அதே வாத்தியாரோடதான் அம்மா" என்றேன்.

அவர் அலமாரியைத் திறந்து பழைய கடிதங்களை எடுத்தார். கல்யாணங்களை ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார். எல்லாவற்றுக்கும் அடியில் தொப்பம்பட்டிப் பெண்ணுடையது. அதில் அடித்திருந்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடித்திருந்தாலும் படிக்க முடிந்தது. முத்து முத்தான எழுத்து.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சிலேட்டை அவரே கையில் வைத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆறாம் கட்டிலைக் காட்டினார். அதில் வேறு யாரோ ஒருவர் படுத்திருந்தார். நான் காலடியில் போய் நின்றேன். மீதியிருந்த என் அஞ்சு பெண்கள், ஒருத்திகூட எனக்குப் பழகியவள் இல்லை, வரிசையாக நின்றார்கள். இருபது கட்டிலும் எழுந்து உட்கார்ந்தன.

"சொல்லுங்க" என்றார் மேட்ரன் அம்மா.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துட்டேன்" என்றேன்.

"காதுல விழலை" என்றது பின்னால் ஒரு கட்டில்.