ஏழு தண்ணி அக்கா

ஐந்தருவி வண்டி நிறுத்தத்தில் ரெபேக்காள் என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். 'ஏழு தண்ணி அக்கா' என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். எட்டு வருஷமாக அங்கே தள்ளுவண்டியில் சோற்றுக்கற்றாழை மோர் விற்கிறாள். மடலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் அலசாமல் ஒரு டம்ளர் தரமாட்டாள். அவசரப்படுகிறவனிடம், "அந்தா இருக்கு சோடாக் கடை, போயிக்கிடும்" என்பாள். வாய் அப்படி!

புளியறைச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த காலத்தில் சாம்பார் தெறித்துக் கை சிவந்தது. பச்சைத் தண்ணீரில் நெடுநேரம் காட்டி, பிறகு கற்றாழைச் சோற்றைத் தடவியதில் எரிச்சல் அடங்கியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். இப்போது வீட்டுக்குப் பின்னால் முந்நூறு செடி. தலைக்குத் தேய்க்க, வெயில் பட்ட தோலுக்குத் தடவ, வயிற்றுச் சூட்டுக்குக் குடிக்க என்று எல்லாவற்றுக்கும் கொடுப்பாள். ஆனால் எல்லா நோயும் தீருமா என்று கேட்டால், "இது செடி, ஆண்டவர் இல்ல" என்று வெட்டிவிடுவாள்.

இந்த வருஷம் அவளுக்கு அடித்தது யோகம். ஐந்தருவி ரோட்டு லாட்ஜ் மேனேஜர் ஜெகதீஸ்வரன் வண்டியைத் தேடி வந்தார். மதுரையிலிருந்து ஒரே குடியிருப்புப் பெண்கள் நாற்பது பேர் மூன்று நாள் தங்க வருகிறார்கள். காலை ஏழு மணிக்கு ஆளுக்கொரு டம்ளர். "முத நாள் நல்லாப் போச்சுன்னா சீசன் முழுக்க நம்ம லாட்ஜுக்கு நீதான்" என்றார். அம்மாடி! அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள்.

அறுத்த மடலை அடிப்பக்கம் கீழே இருக்க வாளியில் ராத்திரி முழுக்க நெட்டமாக நிறுத்த வேண்டும். மஞ்சள் பால் வடிந்தால்தான் குடிக்கலாம். வடியாமல் குடித்தால் பேதிதான். அவர்கள் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் மடல்களை நிறுத்திவிட்டு, வேதக்கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். அவள் புருஷன் பாண்டியராஜ் தென்காசிச் சந்தையில் வாழையிலை வியாபாரி. வந்தவர் பார்த்தார், பிள்ளை மாதிரி வளர்த்த மடல் வாடிப்போகுமே என்று மனசு கேட்கவில்லை. வாழையிலைக் கட்டைப் போலப் படுக்கப் போட்டு ஈரச்சாக்கால் மூடிவிட்டார். திரும்பி வந்த ரெபேக்காளுக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த வீட்டு முற்றத்தில் ஈரச்சாக்கு கிடந்தால் அடியில் வாழையிலைதானே இருக்கும்!

விடியற்காலை ஐந்து மணிக்கு வாளி காலி. சாக்கைத் தூக்கிப் பார்த்தவள் தலையில் கை வைத்தாள்.

"வாடிரும்னு நான்தாம்ட்டி எடுத்து மூடினேன்."

"கெடுத்தியளே! குடியைக் கெடுத்தியளே!"

புதிதாக அறுத்தாலும் பால் வடிய நேரமில்லை. ஒரு மடலைச் சீவி, அலசி, நாக்கில் வைத்தாள். கசந்தது. இஞ்சியும் பெருங்காயமும் தூக்கலாகப் போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது என்று மனசு சொன்னது. சீசன் முழுக்க வரும் வேலை ஆயிற்றே! "சீ, போ சாத்தானே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, சோற்றை மட்டும் ஏழு தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

லாட்ஜ் கூடத்தில் நாற்பது பேரும் டம்ளருக்குக் காத்திருந்தார்கள்.

"அக்காமாரே, இன்னைக்கு உள்ளுக்குக் கிடையாது. மடல்ல பால் சரியா வடியல. வெளியே தடவ மட்டும் கொண்டாந்திருக்கேன்."

ஜெகதீஸ்வரன் முகம் சுருங்கியது. "என்னம்மா இது, மானத்தை வாங்குத?" முன்வரிசையில் இருந்த ஜோதிலட்சுமி, அந்தக் கூட்டத்தின் தலைவி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டாள்: "மோர்ல கலந்து குடுத்திருந்தா எங்களுக்குத் தெரியவா போகுது?"

"உங்களுக்குத் தெரியாது. பாத்ரூமுக்குத் தெரியும்லா!"

கூடம் கொல்லென்று சிரித்தது. முந்தின நாள் சாரல் ஏமாற்ற, அருவி வரிசையில் வெயிலில் காய்ந்த கைகள் ஒவ்வொன்றாக நீண்டன. "முதல்ல மணிக்கட்டுல ஒரு பொட்டு. அரிச்சா விட்ருங்க" என்று தடவிக்கொண்டே போனாள். ஐயோ, என்ன குளிர்ச்சி என்று ஆளாளுக்குக் கூவினார்கள்.

"நாளைக்குப் பால் வடிஞ்சு கொண்டாருவேன். ஆனா சுகர் மாத்திரை சாப்பிடுதவங்க டாக்டரைக் கேக்காமக் குடிக்கக் கூடாது. மாசமா இருக்கவங்களுக்குக் கிடையவே கிடையாது. யார் யாருன்னு கையைத் தூக்குங்க."

சர்க்கரைக்கு ஒன்பது கை. பின்வரிசையில் பத்தாவதாக ஒரு கை, பாதி உயர்ந்து நின்றது.

"ஏம்மா பொன்செல்வி, உனக்கு ஏது சுகர்?" என்றாள் ஜோதிலட்சுமி. அது அவள் மருமகள்.

"சுகர் இல்ல அத்தை." பொன்செல்வியின் முகம் சிவந்தது. "கிளம்புற அன்னிக்குக் காலையிலதான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். அவர் அதுக்குள்ள வேலைக்குப் போயிட்டார். ஊருக்குப் போய் அவர்கிட்ட முதல்ல சொல்லலாம்னு…"

கூடமே எழுந்து கூவியது. ஆறு வருஷக் காத்திருப்பு! ஜோதிலட்சுமி மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கட்டிக்கொண்டிருக்கும்போதே மேஜையில் காத்திருந்த வெறும் டம்ளர்கள் அவள் கண்ணில் பட்டன. பொன்செல்விக்கும் சேர்த்து நாற்பது. ஓடிவந்து, பிசுபிசுத்த கையென்றும் பாராமல் ரெபேக்காளின் இரு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜெகதீஸ்வரன் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு எத்தனை டம்ளர்மா கொண்டாருவே?"

"முப்பது, அண்ணாச்சி!" என்று கத்தினாள் ரெபேக்காள்.