கோரலின் ஒற்றைக் கேசட்

கோரல் டிரான்டர் எளிதில் பயப்படுகிறவள் இல்லை. எங்கள் ஊர் இனிஸ்ஃபெயிலில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வெள்ளம் ஏறிய பாலத்துக்கு முன் வண்டியை நிறுத்திவிட்டு, நாற்பது பிள்ளைகளையும் அதட்டி உட்காரவைத்தவள். அவளுக்கிருந்த ஒரே பயம் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் கிடந்த ஒரு வீடியோ கேசட்.

அதில் இருந்தது மகன் டேரனின் எட்டாவது பிறந்தநாள். அவள் கணவன் ரான் இரண்டு மணி நேரம் விடாமல் எடுத்தது. அடுத்த மழைக்காலத்தில் பிள்ளையை ஆறு கொண்டுபோய்விட்டது. அவன் குரல் வேறெதிலும் இல்லை. யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகிலிருந்த பிளாஸ்டிக் பல்லை அவளே உடைத்துவைத்தாள். ஆனால் எங்கள் ஊரில் பல் உடைந்த கேசட் என்றால், ஓட்டையில் செலோடேப்பை ஒட்டி மறுபடி பதிவது எல்லோருக்கும் கைவந்த கலை. பெயர்ச்சீட்டைக் கரப்பான் தின்றிருந்தது. ரான் யோசிக்காமல் ஒட்டினான், ரக்பி இறுதி ஆட்டத்தைப் பதிந்தான்.

மறுநாள் விஷயம் தெரிந்ததும், "எல்லாம் போச்சு கோரல்" என்று அழுதான். எவ்வளவு போனது என்று ஓட்டிப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை. அதன்பிறகு சாப்பாடு, மழை தவிர வேறெதையும் அவள் அவனிடம் பேசவில்லை. இருபத்தொன்பது வருடம்! போன ஈஸ்டருக்கு அவன் போய்ச்சேர்ந்தான்.

இந்தப் பிப்ரவரியில் பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் கேசட்டோடு வந்து நின்றாள்.

"மெர்ல், ஏதோ யூஎஸ்பி வயர் வாங்கி பழைய கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறியாமே?"

"ஏத்துறேன். இதை ஏத்த மாட்டேன். பாருடி, பூஞ்சை."

நாடா ஓரமெல்லாம் மாவு தூவினாற்போல் வெள்ளை. ஒரு தடவை ஓடினாலே பெரிது.

"அறுந்துபோனா என்னைத் திட்டக் கூடாது."

"திட்டத்தான் செய்வேன். போடு."

முதலில் என் சமையல் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. இது மட்டும் அவளுடைய கேசட்டாக இருந்திருந்தால்! சத்தத்துக்கான வெள்ளை பிளக் சரியாக ஏறியிருக்கவில்லை. அழுத்தியதும் சத்தம் வந்தது. வெளியே கொட்டுகொட்டென்று மழை. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. கரண்ட் போனாலும் கதை முடிந்தது. சனியனே, இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள் என்று வானத்தைத் திட்டிவிட்டு அவளுடையதைப் போட்டேன்.

பச்சை மைதானம். முதல் நொடியிலிருந்தே ரக்பி.

கோரல் என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. "வேகமா ஓட்டிப் பாரேன்."

"பைத்தியமா உனக்கு? ஓட்டினா அறுந்துடும்."

அதனால் முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தோம். நாடா கிறீச்சிட்டபோதெல்லாம் எங்களுக்கு உயிர் போய் வந்தது.

"அந்தத் தடியனை யாராவது வெளிய அனுப்புங்கடா, சீக்கிரம் முடியட்டும்," என்றாள் கோரல். சிரிக்கப் பார்த்தாள்.

கோப்பையைத் தூக்கினார்கள். படம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. என் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.

"தொடாதே!"

சட்டென்று அவர்கள் வீட்டுப் பின்வாசல் தெரிந்தது. படிக்கட்டில் டேரன், முன்பல் விழுந்த வாய் நிறைய கேக்.

"அம்மா, அப்பா கேமராவை ஆட்டுறாரு!"

கேமராவுக்குப் பின்னால் ரான் சிரித்தான். "சும்மா இருடா, உங்கம்மா கோவிச்சுக்கப் போறா."

படத்தில் தெரியாத இளம் கோரலின் குரல் கேட்டது. "ஆமா, உம்மேல எவ்வளவு நேரம்தான் கோவமா இருக்க முடியும்?"

நாடாவின் கடைசிச் சுற்று அது. மறுநொடி பிளேயர் நாடாவை மென்று தின்றது. நான் அலறிவிட்டேன். கம்ப்யூட்டரில் பதிந்ததைத் திறந்தேன். கடைசிப் பதினோரு வினாடியும் சத்தத்தோடு அப்படியே இருந்தது.

கோரல் அழவில்லை. கசங்கிய நாடாவை மடியில் போட்டு வெகுநேரம் தடவினாள்.

"ரான் இருக்கும்போதே ஒரு தடவை ஓட்டிப் பாத்திருக்கலாமே, மெர்ல்," என்றாள்.