நவாபுக்கு வைத்த சகர்

என் வீட்டுக்காரர் மீரா சாகிபுக்கு வாயில்லா ஜீவன் பசித்திருந்தால் பொறுக்காது. அல்லாஹ் கொடுத்த குணம் அது. வலங்கைமான் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆடு பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. கொட்டகை கூட்டுவது நான்.

அங்கே செம்மறிக் கிடாக்களின் கால் ரத்தக்குழாயில் மருந்து பூசிய குட்டிப் பலூனை விட்டுச் சோதிப்பார்கள். குறுகின இடத்தில் பலூனை ஊதினால் வழி விடும். மருந்து உள்ளே ஒட்டிக்கொள்ளும், பலூனை உருவிவிடுவார்கள். ஆட்டுக்குச் சரிப்பட்டால், சர்க்கரை வியாதியில் கால் கறுத்துப்போகிற மனுஷருக்கும் ஒருநாள் இந்த வைத்தியம் வருமாம்.

போன ரமலானில் நவாபின் முறை. அந்தக் கிடாவுக்கு அவர் வைத்த பெயர்தான் நவாப். "காலையில மயக்க மருந்து குடுக்கணும். வயிறு காலியா இருக்கட்டும் பாய்" என்று டாக்டர் சுடர்விழி சொல்லிப் போனார்.

மறுநாள் நவாபின் வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் பச்சைப் புல்.

"என்ன பாய் இது?"

"விடியுமுன்ன சகருக்கு ஒரு கைப்பிடிதான் குடுத்தேன் டாக்டரம்மா. சகர் சாப்பிடாம பகலெல்லாம் எப்படிப் பட்டினி கிடக்கும்?"

"மயக்கத்துல அது மேல வந்து மூச்சுக்குழாயில இறங்கினா, உங்க நவாப் செத்துடும்!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. சோதனை தள்ளிப்போனது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள்தான் பாய்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தும் புலம்பல் ஓயவில்லை.

"விட்டா ராத்திரி தராவீஹ் தொழுகைக்கும் கூட்டிட்டுப் போயிருப்பீங்க மச்சான்" என்றேன். சிரிக்கவே இல்லை மனிதர்.

நவாபின் முறை மறுபடி வந்ததும் புல் வைத்திருக்கும் அறையின் சாவியை என்னிடம் கொடுத்தார். "நானே கேட்டாலும் தராதே சைத்தூன்."

சகர் நேரத்தில் வந்து கேட்கவும் கேட்டார். நான் தரவில்லை.

பலூன் வேலை நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் நவாப் தள்ளாடி எழுந்து நின்றது. டாக்டர் அவரைக் கூப்பிட்டார். "கால்ல கை வைங்க பாய். துடிக்குதா?"

"துடிக்குது டாக்டரம்மா! சுடச்சுட இருக்கு!" அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் புல் போடலாம் என்றார்கள். மஃரிப் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நவாப் முதல் வாய் கடிக்கிறவரை பார்த்திருந்து, அப்புறம்தான் அவர் நோன்பு திறந்தார்.

நான் கொண்டுபோன நோன்புக் கஞ்சியை டாக்டரும் ஊதி ஊதிக் குடித்தார்.

"அடுத்த வாரம் இன்னொரு கிடா. நீங்கதான் பார்த்துக்கணும் பாய்."

"பார்த்துக்கறேன் டாக்டரம்மா. சாவி மட்டும் சைத்தூன்கிட்டயே இருக்கட்டும்."